கல்யாண மண்டபம் இல்லாத கைது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பர்க்லி வளாகத்துக்குப் படிக்க வரும் நம் டெல்டா பிள்ளைகளை முதலில் தூக்கிவாரிப் போடுவது கோஷமோ பதாகையோ இல்லை, கடிகாரம். வளாகத்தின் ஸ்ப்ரௌல் திடலில் வார நாட்களில் பகல் பன்னிரண்டுக்கு மைக் போடலாம், ஒரு மணிக்கு அணைத்துவிட வேண்டும். நம் மன்னார்குடியில் பகல் பன்னிரண்டுக்கு மைக் செட்காரர் கம்பமே நட்டிருக்க மாட்டார். தலைவர் வரும்போது இரவு ஒன்பது. பத்து மணிச் சட்டத்தை இன்ஸ்பெக்டர் ஞாபகப்படுத்திய பிறகுதான் "கடைசியாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்று ஆரம்பிப்பார்.

ஆனால் இந்த ஒரு மணி நேரமும் யாரோ இனாமாகக் கொடுத்ததல்ல. 1964 அக்டோபர் 1 அன்று அரசியல் பிரசாரத்துக்கு இருந்த தடையை மீறி இதே திடலில் மேசை போட்டிருந்த ஜாக் வைன்பர்க்கைப் பிடித்துப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை, அவரும் இறங்கவில்லை. மாணவர் தலைவர் மரியோ சாவியோ காரின் கூரைமேல் ஏறிப் பேசினார், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு. (ஏன் கழற்றினார் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) அந்த டிசம்பரில் ஸ்ப்ரௌல் கட்டடத்துக்குள் உட்கார்ந்த சுமார் 800 பேர் கைதானார்கள். அடுத்த மாதமே, 1965 ஜனவரி 27-ல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்தார்.

திடலில் நுழைந்ததும் கிளிப் அட்டையோடு யாராவது மறிப்பார்கள். கேட்டதும் கையெழுத்துப் போடுவது நம் சுபாவம், இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாணவர் சங்கத்துக்கோ துணைவேந்தருக்கோ போகும் மனு என்றால் தாராளமாகப் போடலாம். மாநில வாக்கெடுப்புக்கான மனுவில் பதிவு பெற்ற வாக்காளர் மட்டுமே கையெழுத்திடலாம். பக்கத்து மேசையில் வாக்காளர் பதிவுப் படிவத்தைச் சிரித்த முகத்தோடு நீட்டுவார்கள், அதைத் தொடவே வேண்டாம். குடிமகன் என்ற கட்டத்தில் தவறிப்போய் ஒரு டிக் விழுந்தால் நாட்டைவிட்டு அனுப்பவும், மறுபடி வராமல் தடுக்கவும் அதுவே போதும்.

அரங்குக்குள் நடக்கும் கூட்டம் என்றால் மாணவர் அட்டை கையில் இருக்கட்டும், பெரிய பையை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. கேள்வி நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். ‘மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய…’ என்று தொடங்கினால் ‘அவர்களே’ முடிவதற்குள் நிமிடம் முடிந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான வித்தியாசம் கைதில் இருக்கிறது.

திருவாரூரில் மறியல் என்றால் வேன் வரும், பெயர் எழுதுவார்கள், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஃபேன் ஓடும், பொட்டலம் வரும், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் ‘மாலையில் விடுவிக்கப்பட்டனர்’ என்ற வரி இருக்கும். எப்போதும் அப்படியில்லைதான். 2017-ல் கதிராமங்கலத்தில் கைதானவர்கள் சிறைக்கே போனார்கள். இருந்தாலும் மண்டபம்தான் நம் மனதில் பதிந்த கைது.

இங்கே மண்டபம் கிடையாது. கைரேகை, புகைப்படம், பதிவு. வழக்குத் தள்ளுபடியானாலும் அடுத்த விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா’ என்று கேட்கும், ஆம் என்றுதான் எழுத வேண்டும். தண்டனையே இல்லாமல் கைதை மட்டும் வைத்தே எஃப்-1 என்ற மாணவர் விசாவை ரத்து செய்யவும் வழியுண்டு. அதைவிட ஆபத்தானது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கை. இடைநீக்கம் என்றால் சேர்க்கை போகும், சேர்க்கை போனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுக் கணினிப் பதிவான செவிஸ் பதிவும் போகும், பிறகு பெட்டி கட்ட வேண்டியதுதான். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவுகள் ஒரேயடியாக நீக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பிறகுதான் திரும்ப வந்தன.

அதனால் பேசக்கூடாது என்று அர்த்தமில்லை. இது அரசுப் பல்கலைக்கழகம், பேச்சுரிமை தரும் அரசியல் சட்ட முதல் திருத்தம் இதைக் கட்டுப்படுத்தும், வெளிநாட்டு மாணவருக்கும் அந்த உரிமை உண்டு. எங்கே நிற்கிறோம், எப்போது கிளம்புகிறோம் என்பதில்தான் சூட்சுமம். சேதர் வாயிலில் கூட்டம் நெருக்கும், அங்கே மாட்டிக்கொள்ளாமல் பேன்கிராஃப்ட் சாலைப் பக்கம் ஓரமாக நிற்கலாம். நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் அச்சுப்பிரதியும், வழக்கறிஞர் எண்ணைப் பேனாவால் எழுதிய ஒரு துண்டுத்தாளும் சட்டைப்பையில் இருக்கட்டும். போனைப் பிடுங்கிவிட்டால் மனப்பாடமான எண் ஒன்றுகூட இருக்காது. பந்தல் போடும் ஆசையை ஊரிலேயே விட்டுவிட வேண்டும், 2024 ஆகஸ்டிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் கூடார முகாமுக்குத் தடை கறாராகிவிட்டது. ‘கலைந்து செல்லுங்கள்’ என்ற அறிவிப்பு நம் ஊரில் பேரம் ஆரம்பிக்கும் நேரம், அதைக் கேட்டுத்தான் எல்லோரும் தரையில் உட்காருவோம். கலிஃபோர்னியாவில் அதற்குப் பிறகு சும்மா நின்றாலே குற்றம், வேடிக்கை பார்த்தவர், வீடியோ எடுத்தவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. முதல் அறிவிப்பிலேயே நடையைக் கட்ட வேண்டும்.

இரண்டு செமஸ்டர் போனால் பழகிவிடும். மணிக்கு வருவதும் வரிசையில் நிற்பதும் இயல்பாகிவிடும். ஜூன் 12 நெருங்கினால் மட்டும், பழகிவிட்டது என்று சொன்ன அதே ஆள் நடுராத்திரியில் மேட்டூர் நீர்மட்டம் 120-க்கு எத்தனை அடி என்று போனைத் தடவிக்கொண்டிருப்பார். கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்று யாரோ எழுத, எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருந்து சண்டை வேறு. அந்தச் சண்டை போடும் சமூக ஊடகக் கணக்கின் பெயரையும் டிஎஸ்-160 கேட்கும், கடந்த ஐந்து வருடத்தில் வைத்திருந்ததெல்லாம் சேர்த்து.

ஓட்டு விஷயம் இன்னும் மோசம். இங்கே கிடையாது. அங்கே வெளிநாடுவாழ் வாக்காளராக 6ஏ படிவத்தில் பதியலாம், ஆனால் சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்த்தான் போட வேண்டும். நம் தேர்தல் ஏப்ரல், மே வாக்கில் வரும். செமஸ்டர் பரீட்சை மே மாதம் இரண்டாவது வாரம்.