ஜன்னலைச் சாத்தியது யார்?

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'சிட்டிசன் கேன்' படத்தின் ஜன்னல் காட்சியை நேற்று இரவு சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். கையில் பென்சில், மடியில் நோட்டு. யார் எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்று, கூரையிலிருந்து பார்ப்பதுபோல் கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன். வசனம் காதில் விழாதபோதுதான் நடிகர்களின் கால்கள் கண்ணில் படுகின்றன.

காட்சி இதுதான். 1871. வெளியே பனியில் ஒரு பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். உள்ளே அவனுடைய அம்மா, அவனை வங்கிக்காரர் தாட்சரின் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறார். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை.

கேமரா முதலில் பையனிடம்தான் இருக்கிறது. அப்புறம் பின்வாங்குகிறது. ஜன்னல் சட்டம் தெரிகிறது, அம்மா தெரிகிறார், அறை தெரிகிறது, கடைசியில் ஒரு மேஜை. ஏறக்குறைய இரண்டு நிமிடம், நடுவில் வெட்டே கிடையாது. வலப்பக்கம் நமக்கு மிக அருகில் அம்மாவும் தாட்சரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இடப்பக்கம் சற்றுத் தள்ளி அப்பா நிற்கிறார். இவர்களுக்கு இடையில், தொலைவில், ஜன்னலுக்குள் பொம்மை அளவில் பையன். நாலு பேருமே தெளிவு.

ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ், ஏராளமான வெளிச்சம், சிறிய அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) என்று சேர்த்து வைத்துச் சாதித்தது இது. படம் வந்த 1941-க்குப் பெரிய விஷயம்தான். ஆனால் 'டீப் ஃபோகஸ்', அதாவது அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவில் தெரிவது, என்று சொல்லிவிட்டு எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எரிச்சல். இன்றைக்கு அந்தத் தெளிவைக் கைப்பேசியே இலவசமாகத் தருகிறது. நானும் ஒரு குறும்படத்தில் மூன்று பேரை முன்னால் உட்காரவைத்து, நாலாவது ஆளைப் பின்னால் வாசலில் நிறுத்தினேன். எல்லாம் பளிச்சென்று விழுந்தது. பார்த்தவர்களில் ஒருவர்கூட வாசலில் இருந்தவரைக் கவனிக்கவில்லை! நான் அவரை நிறுத்தினேனே தவிர, அவரைப் பார்க்க யாருக்கும் ஒரு காரணம் கொடுக்கவில்லை.

ஆர்சன் வெல்ஸ் காரணங்களை அடுக்கிவைத்திருக்கிறார். பையன் இருக்கும் சதுரம் ஃப்ரேமின் நடுவில். பின்னால் வெள்ளைப் பனி. அவன் சும்மா நிற்காமல் ஓடுகிறான். முன்னால் இருப்பவர்கள் அவனை மறைக்காமல் இடைவெளி விட்டே உட்கார்ந்திருக்கிறார்கள். அவனைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் அவனுக்கு எதுவும் தெரியாது.

என் நோட்டில் அப்பாவின் கோடுதான் சுவாரசியம். முணுமுணுத்துக்கொண்டே நிற்கிறவர், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று தாட்சர் வாசித்ததும், எல்லாம் நல்லதுக்கே என்று இருப்போம் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு நேராகப் போய் ஜன்னலை இறக்கிச் சாத்துகிறார். எதிர்ப்பு அங்கேயே முடிந்தது. முகத்துக்கு க்ளோசப் இல்லை, நாலு எட்டு நடை, அவ்வளவுதான். கையெழுத்து முடிந்ததும் அம்மா எழுந்துபோய் அதே ஜன்னலைத் தூக்கித் திறக்கிறார். கண்டிப்பானவராகத் தெரிந்தவர் திறக்கிறார். மகனை விடமாட்டேன் என்றவர் சாத்தினார்.

ரொம்ப நாள் நான் அப்பா கட்சி. ஃப்ரேமில் அவர்தான் பையனுக்குப் பக்கத்தில் இருக்கிறார், அதனாலேயே நம்பிவிட்டேன். வெளியே வந்தபின் அவர், இவனுக்கு நல்ல அடி வேண்டும் என்கிறார். அதனால்தான் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வளரப்போகிறான் என்கிறார் அம்மா. அதைக் கேட்டபிறகு முதல் ஷாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பத்திரம் இருக்கும் மேஜையை ஒட்டி ஏன் அம்மாவை உட்காரவைத்தார்கள் என்பது புரியும்.

அந்த மேஜையைப் பற்றி ஒன்று. கேமரா பின்வாங்கும் பாதையில்தான் அது இருக்க வேண்டும், இருந்தால் கேமரா இடிக்கும். ஆகவே கேமரா தாண்டிய பிறகு மேஜையை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதன்மேல் இருக்கும் தொப்பியைப் பாருங்கள், லேசாக ஆடிக்கொண்டிருக்கும். நேற்று அதை மட்டும் ஐந்து முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.