ஜெமினியில் முற்றுகை, பத்து மணிக்கு இன்டர்வியூ

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் இடம் அப்படி. அண்ணா சாலை, கதீட்ரல் சாலை, நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலை, ஜி.என். செட்டி சாலை எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொள்கிற ஜெமினி மேம்பாலத்தடி. அமெரிக்காவைத் திட்ட வேண்டும் என்றாலும் இங்கேதான் வருவார்கள், அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்றாலும் இங்கேதான் வர வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே காலையில் சந்தித்துக்கொள்வது அதிசயம் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு காலையில் உங்கள் விசா இன்டர்வியூ வந்தால் என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

2012 செப்டம்பர் 14 எல்லாருக்கும் நினைவிருக்கும். நபிகளை இழிவுபடுத்திய காணொளியை எதிர்த்து வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வந்த கூட்டத்திலிருந்து தூதரகத்தின் மீது கல் விழுந்தது. அதற்கடுத்த வாரமும் அண்ணா சாலை நகரவில்லை. விசா பிரிவையே மூட வேண்டி வந்தது. ஆனால் அது விதிவிலக்கு. வழக்கமாக நடப்பது வேறு: ஒரு கட்சியோ இயக்கமோ ‘முற்றுகை’ என்று அறிவிக்கும். போலீஸ் தூதரக வாசலுக்கு வெகு முன்பே பேரிகார்டு போட்டு மறிக்கும். கோஷம், தள்ளுமுள்ளு, கைது. கைதானவர்களை வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். உள்ளே இன்டர்வியூ அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். சிக்கல் தூதரகத்தில் இல்லை, அதற்கு முந்தைய அரை கிலோமீட்டரில் இருக்கிறது.

போராட்டம் திடீரென்று முளைப்பது அபூர்வம். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, கூட்டத்துக்கோ ஊர்வலத்துக்கோ ஐந்து நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைக்காத முற்றுகைக்கும் சுவரொட்டியும் பத்திரிகைச் செய்தியும் வந்துவிடும், ஆள் திரட்ட வேண்டாமா? எனவே உங்கள் இன்டர்வியூ ஸ்லாட்டுக்கு, அதாவது உங்களுக்கு ஒதுக்கிய நாளுக்கு, முந்தைய மூன்று நாளும் தமிழ் நாளிதழின் சென்னைப் பக்கத்தைப் பாருங்கள். ‘வள்ளுவர் கோட்டம் அருகே ஆர்ப்பாட்டம்’ என்று இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, அவர்கள் அங்கேயே நின்று பேசிவிட்டுக் கலைவார்கள். ‘அமெரிக்கத் தூதரகம் முற்றுகை’ என்று இருந்தால்தான் திட்டம் மாற வேண்டும். முந்தைய நாள் மாலை போக்குவரத்து போலீசின் மாற்றுப்பாதை அறிவிப்பு வந்ததா என்றும் பாருங்கள்.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் செய்கிற முதல் தவறு, தாங்களே ஸ்லாட்டை மாற்றுவது. செய்யாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஒரே ஒரு முறைதான் கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம். இரண்டாவது முறை மாற்றினாலும், போகாமல் விட்டாலும் விசா கட்டணத்தை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். வணிக, சுற்றுலா விசாவான பி-1/பி-2, மாணவர் விசாவான எஃப்-1 இரண்டுக்கும் அது 185 டாலர், வேலை விசாக்களான எச்-1பி, எல்-1க்கு 205 டாலர். பணத்தைவிடப் பெரிய இழப்பு அடுத்த ஸ்லாட் எப்போது கிடைக்கும் என்பது. தூதரகமே ரத்து செய்தால் கதை வேறு. அது உங்களுக்கான அந்த ஒரு முறை மாற்றத்தில் சேராது, அவர்களே அடுத்த வழியைச் சொல்வார்கள். ஆகவே ரத்து செய்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அந்த ரத்து அறிவிப்பு எங்கே வரும்? விண்ணப்பக் கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்கு. கன்சல்டன்சி மூலம் போனவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஏஜென்டின் முகவரிதான் இருக்கும். அவர் காலை பதினோரு மணிக்குக் கடை திறந்து மெயில் பார்ப்பதற்குள் நீங்கள் பேரிகார்டு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். கணக்கின் கடவுச்சொல்லை முன்பே வாங்கி, முந்தைய இரவும் கிளம்புகிற நேரத்திலும் நீங்களே திறந்து பாருங்கள்.

கைரேகையும் புகைப்படமும் எடுக்கிற விஏசி (விசா விண்ணப்ப மையம்) வேறு இடத்தில், வேறு நாளில். அதற்கும் ஜெமினி போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள். அண்ணா சாலை நின்றால் தி.நகர், நுங்கம்பாக்கம் எல்லாம் சேர்ந்து நிற்கும். விஏசி முடியாமல் இன்டர்வியூ இல்லை.

சரி, போகும் வழி. கார், கால் டாக்ஸி, ஆட்டோ மூன்றும் அன்று வேண்டாம். மேம்பாலத்தை மூடினால் தேனாம்பேட்டையில் சிக்கிய வண்டி தேனாம்பேட்டையிலேயே நிற்கும். மெட்ரோ நீல வழித்தடம் அண்ணா சாலைக்கு அடியிலேயே போகிறது. தூதரகத்துக்கு வடக்கே ஆயிரம் விளக்கு நிலையம், தெற்கே ஏஜி-டிஎம்எஸ். இரண்டிலிருந்தும் நடக்கிற தூரம்தான். எதில் இறங்குவது என்பதைக் கூட்டம் வரும் திசையை வைத்து முடிவு செய்யுங்கள். சேப்பாக்கம், அண்ணா சிலை பக்கமிருந்து ஊர்வலம் வருகிறது என்றால் டிஎம்எஸ். சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை பக்கமிருந்து என்றால் ஆயிரம் விளக்கு. கூட்டத்தோடு சேர்ந்து நடக்காமல், அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதுதான் கணக்கு. எழும்பூரில் ரயிலிலிருந்து இறங்குபவர்கள் பச்சை வழித்தடத்தில் சென்ட்ரல் போய் நீலத்துக்கு மாற வேண்டும். கிளாம்பாக்கத்தில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் மெட்ரோ இல்லை, மாநகரப் பேருந்தில் விமான நிலையமோ கிண்டியோ வந்து ஏற வேண்டும். தென்மாவட்டத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்து காலை ஸ்லாட்டுக்கு ஓடுவது சாதாரண நாளிலேயே ஆபத்து. முற்றுகை அறிவித்த நாளுக்கு முந்தைய இரவே சென்னையில் தங்கிவிடுங்கள்.

பேரிகார்டில் நிற்கும் போலீஸ்காரருக்கு உங்கள் கதை தேவையில்லை. அப்பாயின்ட்மென்ட் தாளையும் பாஸ்போர்ட்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு, “சார், விசா இன்டர்வியூ, பத்து மணி ஸ்லாட்” என்று சொன்னால் போதும். தாளில் நேரம் தெரிகிற இடத்தை மேலே மடித்து வையுங்கள். செல்போன் திரையில் காட்டலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கான காரணம் கீழே வருகிறது. கூட வந்த அப்பா, அம்மா, மாமாவை அந்த இடத்தைத் தாண்டி விடுவது சந்தேகம். அவர்களை மெட்ரோ நிலையத்திலோ அங்கிருந்து தள்ளி ஒரு ஓட்டலிலோ உட்காரச் சொல்லுங்கள். செம்மொழிப் பூங்கா வாசல் வசதி என்று தோன்றும். ஆனால் அது தூதரகத்துக்கு நேரெதிர், மறிக்கிற இடத்துக்குள்ளேயே வரும்.

உடை என்ன என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம்: கறுப்புச் சட்டை வேண்டாம். தமிழ்நாட்டில் போராட்ட நாளில் கறுப்புச் சட்டைக்கு என்ன பொருள் என்று போலீசுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்சிக் கொடியை ஒத்த நிறத் துண்டு, கரை வேட்டி இவையும் அப்படித்தான். ஆளை அள்ளி வேனில் ஏற்றுகிற அந்த ஐந்து நிமிடத்தில் யார் வேடிக்கை பார்த்தவர், யார் கோஷம் போட்டவர் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் நின்று பார்க்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூனிலிருந்து இருக்கிறது. உங்கள் கருத்து உங்கள் உரிமை, ஆனால் அன்று காலைக்கு அந்தப் படம் தேவையா?

இப்போது செல்போன். தூதரகத்துக்குள் எந்த மின்னணுப் பொருளும் போகாது. போன், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க், பென் டிரைவ், ப்ளூடூத் இயர்போன், ரிமோட் வைத்த கார் சாவி எதுவும் கூடாது. பெரிய பைகளுக்கும் இடமில்லை, ஒளி ஊடுருவும் ஒரு ஃபைல் போதும். உள்ளே இவற்றை வாங்கி வைத்துக்கொடுக்க ஆளில்லை. மற்ற நாளில் அக்கம்பக்கத்துக் கடைகள் காசு வாங்கிக்கொண்டு போனைப் பத்திரமாக வைத்துத் தரும். முற்றுகை நாளில் முதலில் இறங்குவது அந்த ஷட்டர்தான். கையில் போனோடு வாசலில் நின்று திகைப்பவர்கள் உண்டு. நீங்கள் போனைக் கொடுக்கும் முன்பே இறங்குவதைவிட மோசம், கடைக்காரர் போனை வாங்கி வைத்த பிறகு ஷட்டர் இறங்குவது. போனைத் தங்கும் அறையிலேயே விடுங்கள், அல்லது தள்ளி உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரிடம் கொடுங்கள்.

போன் இல்லை என்றால் யுபிஐ இல்லை, டாக்ஸி ஆப் இல்லை, மெட்ரோ கியூஆர் இல்லை. ஐநூறு ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சிங்காரச் சென்னை அட்டை இருந்தால் மெட்ரோவுக்கு அது போதும். மூன்று பேரின் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், இப்போது அம்மாவின் எண்கூட யாருக்கும் மனப்பாடமாக இல்லை. ‘முடிந்ததும் கூப்பிடுகிறேன்’ என்பது நடக்காது. ‘முடிந்ததும் டிஎம்எஸ் டிக்கெட் கவுன்டர் அருகே வருகிறேன், அது மூடியிருந்தால் ஆயிரம் விளக்கு’ என்று இரண்டு இடமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் வாசலில் காத்திருக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஸ்லாட் வரிசைப்படிதான் உள்ளே எடுப்பார்கள், பதற்றமான நாளில் நடைபாதையில் கும்பல் சேர போலீஸ் விடாது. மெட்ரோ நிலையத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டு, கடைசி நடையை மட்டும் நேரம் பார்த்து நடங்கள்.

இத்தனைக்கும் பிறகு தாமதமாகிவிட்டால் திரும்பிப் போகாதீர்கள். வாசல் ஊழியரிடம் போய்த் தாளைக் காட்டிச் சாலை மறித்ததைச் சொல்லுங்கள். உள்ளே விடலாம், மறுக்கலாம், அது அவர்கள் முடிவு. ஆனால் வாசல்வரை போகாதவருக்கு அந்த வாய்ப்பே இல்லை, வராதவர் பட்டியல்தான்.

ஜன்னல் முன்னால் அதிகாரியிடம் போராட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர் கேட்டால் “வழியில் கூட்டமாக இருந்தது, நடந்து வந்தேன்” என்று முடித்துவிடுங்கள். இன்டர்வியூ பெரும்பாலும் சில நிமிடங்கள்தான், தமிழிலும் பேசலாம். மாணவர்களுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், மாணவர் பதிவுக் கட்டணமான செவிஸ் ரசீது, விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160இன் உறுதித் தாள், வங்கித் தாள்கள் எல்லாம் கேட்கும் வரிசையில் இருக்கட்டும். ஓடி வந்த மூச்சோடு ஃபைலைக் கலைத்துத் தேடுகிறவர்கள்தான் பதிலிலும் தடுமாறுகிறார்கள்.

விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வார்கள், பிறகு ஜெமினிக்குத் திரும்ப வர வேண்டாம், விஏசியில் வாங்கிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் பூட்டிய கடைகளும் காலியான அண்ணா சாலையும் கண்ணில் பட்டால், பேருந்து வரும் என்று நிறுத்தத்தில் நிற்காமல் நேரே மெட்ரோ படியைப் பார்த்து நடங்கள்.