ஏழில் ஒரு பங்கு

பிஎஸ்சி இயற்பியல் முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. மும்பை கோட்டைப் பகுதியில் பில் சரிபார்க்கும் வேலை, செம்பூரில் சித்தி வீட்டில் ஜாகை. ஒரு ஜூன் மாதம் திடீரென்று எம்எஸ்சி ஆசை கிளம்பியது. ஐஐடிக்கள் நடத்தும் எம்எஸ்சி நுழைவுத் தேர்வான ஜாமுக்கு வயது வரம்பு கிடையாது என்று தெரிந்ததும் ஆசை பிடிவாதமாகிவிட்டது. தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண்.

இயற்பியல் பாடத்திட்டத்தைத் திறந்தால் முதல் தலைப்பே கணித முறைகள். பகுதி வகைக்கெழு, ஜேக்கோபியன், டெய்லர் விரிவு, ஃபூரியர் தொடர், ஸ்டோக்ஸ் தேற்றம், அணிகள், கலப்பெண்கள். கல்லூரியில் எல்லாவற்றையும் பாஸ் பண்ணியவள்தான். பாஸ் பண்ணியதோடு சரி. ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டினேன். கட்டுக்கட்டாகச் சூத்திரத் தாள் கொடுத்தார்கள், அத்தனையும் நெட்டுரு போட்டேன். ஆனால் பழைய வினாத்தாளில் கொஞ்சம் முறுக்கலான கணக்கு வந்தால் முதல் வரியே எழுத வராது. எனக்கு உயர்கணிதம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, தடிதடியாகப் புத்தகம் வாங்கினேன். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

மேல் மாடியில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். சித்தி என் புலம்பலை அவர் வீட்டு மாமியிடம் சொல்லி வைக்க, கூப்பிட்டு அனுப்பினார். "நீ போட்டதைக் காட்ட வேண்டாம்மா, பாதியில விட்டதைக் காட்டு" என்றார். நோட்டை அரை மணி நேரம் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஸ்டோக்ஸ் தேற்றம் உனக்கு வரது. பின்னம்தான் வரல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. வர்க்கமூலத்துக்குள் ஒன்றோடு ஒரு சின்ன எண் கூடியிருந்தால் உடனே கால்குலேட்டரைத் தேடுவேன். மாமா முதல் இரண்டு வாரமும் ஈருறுப்பு விரிவில் ஒன்றுக்கு அடுத்த உறுப்பை வைத்தே ஓட்டினார்: ஒன்றோடு ஒரு சின்ன எண்ணைக் கூட்டி ஒரு படிக்கு உயர்த்தினால், கிட்டத்தட்ட அந்தப் படியும் சின்ன எண்ணும் பெருக்கிய அளவு கூடும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் 60 கிலோ ஆளின் எடை எவ்வளவு குறையும்? பூமியின் ஆரம் 6371 கி.மீ. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், குறைவு, பத்தை 6371-ஆல் வகுத்ததைப் போல இரண்டு மடங்கு. ஆயிரத்துக்கு மூன்று, கிட்டத்தட்ட 190 கிராம். ஹார்பர் லைன் லோக்கலில் நின்றுகொண்டே இப்படிப் போட்டுப் பழகினேன். குர்லா வருவதற்குள் ஒன்று, வடாலா வருவதற்குள் ஒன்று.

அப்புறம்தான் மழைத்துளிக் கணக்கு. ஆகஸ்ட் மாதம், ஜன்னலுக்கு வெளியே செம்பூர் மிதந்துகொண்டிருந்தது. கணக்கு பழசுதான், ஆனால் நான் பார்த்ததில்லை. ஒரு குட்டித் துளி மூடுபனி வழியாக விழுகிறது; வழியில் இருக்கும் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு பெருக்கிறது. காற்றின் தடையை மறந்துவிடு. முடுக்கம் என்ன?

நான் வழக்கம்போல வகைக்கெழு சமன்பாடு எழுதினேன். நிறையும் மாறுகிறது, வேகமும் மாறுகிறது, ஆரமும் மாறுகிறது. ஒரு பக்கம் நிரம்பியதும் நின்றேன். மாமா பேனாவை வாங்கி வைத்துவிட்டார்.

"துளி கொஞ்சம் இறங்கினா எவ்வளவு ஈரம் வாரும்?" குறுக்குப் பரப்பு, இறங்கிய தூரம் இரண்டையும் பெருக்கினால் வருவது. பரப்பு ஆரத்தின் வர்க்கம். துளியின் நிறையோ ஆரத்தின் மும்மடி. அது கொஞ்சம் கூடினால் ஆரத்தின் வர்க்கம் வெளியே வரும். இரண்டு பக்கமும் வர்க்கம் அடிபட்டுப் போகிறது. மிச்சம்: ஆரம், விழுந்த தூரத்துக்கு நேர்விகிதம். ஆக நிறை, தூரத்தின் மும்மடி.

"இப்போ முடுக்கம் எதைப் பொறுத்து இருக்க முடியும்? உன் கையில என்னென்ன இருக்கு?" யோசித்தேன். தொடக்கத்தில் துளி ஒன்றுமில்லாத அளவு என்பதால் அதன் அளவு கணக்கில் வராது. மூடுபனிக்கும் தண்ணீருக்கும் உள்ள அடர்த்தி விகிதம் நேர்விகித மாறிலிக்குள் போய்விட்டது; எடை, உந்தம் இரண்டிலும் அது ஒரே பெருக்கலாக வருவதால் அடிபட்டுப் போகும். பரிமாணத்தோடு மிஞ்சுவது புவியீர்ப்பு முடுக்கம் மட்டும். அப்படியானால் விடை அதன் ஏதோ ஒரு பங்கு, மாறாத பங்கு. இது தெரிந்ததும் சமன்பாட்டைத் தீர்க்கவே வேண்டாம். முடுக்கம் மாறிலி என்றால் தூரம் காலத்தின் இருமடி, நிறை ஆறாம் மடி, வேகம் முதல் மடி. உந்தம், அதாவது நிறையும் வேகமும் பெருக்கியது, காலத்தின் ஏழாம் மடி. அதன் மாறுவீதத்தில் முன்னால் ஓர் ஏழு வந்து நிற்கும். உந்தம் மாறும் வீதம்தான் துளியின் எடை. எனவே முடுக்கம் புவியீர்ப்பில் ஏழில் ஒரு பங்கு.

நான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் பத்தாம் வகுப்புக்கு மேலே என்ன இருக்கிறது? வகைநுண்கணிதத்தில் முதல் பாடம், அவ்வளவுதான். மாமி காபி கொண்டுவந்து வைத்து அது ஆறியும் போயிருந்தது.

மற்றதெல்லாம் வேகமாக ஓடியது. ஃபூரியர் தொடருக்கு நாலு நாள், அணிகளுக்கு ஒரு வாரம். மாறிலிக் குணகங்கள் கொண்ட இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி போட வைத்தார். ஊசல், மின்சுற்று, ஸ்பிரிங் எல்லாம் அதே சமன்பாடு வேறு சட்டையில். ஜேக்கோபியன் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

ஒரு ஞாயிறு, மும்பையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுரங்கம் தோண்டச் சொன்னார். அதில் விட்ட வண்டியை ஈர்ப்பு மட்டுமே இழுத்துப் போக வேண்டும். பூமி முழுக்க ஒரே அடர்த்தி, உராய்வு இல்லை. சுரங்கத்தின் திசையில் உள்ள ஈர்ப்பை மட்டும் பிரித்தெடுக்க வடிவொத்த முக்கோணம் போதும். மையத்திலிருந்து உள்ள தூரம் அடிபட்டுப் போய்த் தனிச்சீரிசை இயக்கம், ஸ்பிரிங்கில் ஆடுவது போன்ற ஆட்டம், வந்துவிடுகிறது. எந்த ஊருக்குத் தோண்டினாலும் போய்ச் சேர 42 நிமிடம். நடுவில் சுரங்கம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 1030 கி.மீ. பாதியின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுத்து, கால்குலேட்டர் இல்லாமல், கிட்டத்தட்ட 21 கி.மீ. என்றேன். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

தேர்வில் மழைத்துளியும் வரவில்லை, சுரங்கமும் வரவில்லை. வெப்ப இயக்கவியலில் பகுதி வகைக்கெழுவை வைத்து இரண்டு கேள்வி என்னை வாங்கு வாங்கென்று வாங்கின, ஒன்றை விட்டுவிட்டேன். மற்ற இடங்களில் பேனா நிற்கவில்லை. மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பட்டியலில் சீட் இல்லை, மூன்றாவதில் கிடைத்தது.

ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர ரயில் ஏறும்போது மாமா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். சுரங்கத்தில் வேகத்துக்கு நேர்விகிதமாகக் கொஞ்சம் உராய்வு இருந்தால் வண்டி சென்னைக்கு எவ்வளவு முன்னால் நின்றுவிடும்? குண்டக்கல் வரை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எதிர் பெர்த் அக்கா விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.