கிரிஸ்டலை எப்படிப் பிடிச்சு வைக்கிறாங்க?

டார்க் மேட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மூலமா மட்டும் இருக்குன்னு காட்டிக்கிற பொருள், அதைத் தேடுற எக்ஸ்பெரிமென்ட் பத்தி எழுதுறவங்க எல்லாம் அதோட துகளைப் பத்தியே எழுதுறாங்க, எனக்கு என்னமோ அந்தத் துகள் வந்து இடிக்கணும்னு டிடெக்டரா வச்சிருக்கிற கிரிஸ்டலை எதுல மாட்டி வச்சிருக்காங்கங்கறதுதான் பெரிய விஷயமா படுது.

துகள் வந்து கிரிஸ்டல்ல ஒரு அணுவை இடிச்சா அந்த எனர்ஜி கடைசியில சூடாத்தான் மாறும், ஆனா சாதாரண டெம்பரேச்சர்ல அந்தச் சூடு இருந்த இடமே தெரியாது. ஆழமா குளிர வச்சா கதையே வேற, டெம்பரேச்சர் பத்துல ஒரு பங்கா இறங்கினா கிரிஸ்டலோட வெப்ப ஏற்புத்திறன் (அதைச் சூடாக்கத் தேவைப்படுற எனர்ஜி) ஆயிரத்துல ஒரு பங்கா விழுந்துடும், அதனால துளி எனர்ஜி விழுந்தாலும் டெம்பரேச்சர் ஏறுறது தெரியும். இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கடியில, 1400 மீட்டர் பாறைக்குக் கீழ இருக்கிற கிரெஸ்ட் எக்ஸ்பெரிமென்ட்ல கிரிஸ்டல் மேல ஒரு டங்ஸ்டன் ஃபிலிம் இருக்கும், சுமார் 15 மில்லிகெல்வின்ல (அதாவது முழுக் குளிருக்கு வெறும் 0.015 டிகிரி மேல) அது ரெசிஸ்டன்ஸே இல்லாத சூப்பர்கண்டக்டரா மாறுற விளிம்புல நிக்கும், கொஞ்சூண்டு சூடு வந்தாலும் ரெசிஸ்டன்ஸ் எகிறிடும்.

ஆரம்பத்துல இவங்க சஃபையர் கிரிஸ்டல் போட்டு ஓட்டினப்ப எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமா சிக்னல் வந்துச்சு. கதிரியக்கம்னா எப்ப வேணா தனித்தனியா வரணும், இதுங்க கும்பல் கும்பலா வந்துச்சு, நிலநடுக்கமும் அதுக்கப்புறம் வர்ற அதிர்வுகளும் மாதிரியே கணக்கு. கடைசியில பார்த்தா கிரிஸ்டலை ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருந்ததால உள்ள நுணுக்கமா விரிசல் விட்டுக்கிட்டு இருந்திருக்கு! சில நூறு அணுப் பிணைப்பு அறுந்தாலே டிடெக்டர் பிடிச்சிடுது. இதை 2006-ல பேப்பராவே போட்டாங்க, விரிசலோட எனர்ஜியை ஒவ்வொண்ணா அளந்து காட்டின வேலை அது, எனக்கு டார்க் மேட்டர் ரிசல்ட் அளவுக்கே இதுவும் முக்கியம்.

பிடியை மாத்தினாங்க, அந்தத் தொல்லை போச்சு. ஆனா இப்ப கிரெஸ்ட் 30 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல எனர்ஜியை அளக்கிற சின்ன அலகு) அளவுக்குச் சின்ன சிக்னலைக் கூடப் பார்க்குது, அங்க 200 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ மறுபடி ஒரு கூட்டம் சிக்னல். குளிர வச்ச நாள்ல இருந்து மெதுவா குறையுது, சில பத்து கெல்வினுக்கு சூடாக்கித் திரும்ப இறக்கினா மறுபடி ஏறிடுது. டார்க் மேட்டருக்கு நம்ம ஃப்ரிட்ஜை எப்ப ஆன் பண்ணோம்னு எப்படித் தெரியும், அதனால இது உள்ள தேங்கியிருக்கிற ஸ்ட்ரெஸ்தான்னு நான் நம்புறேன். 2024-ல வேற ஒரு குழு ஒரு சிலிக்கான் சில்லை பசை போட்டு ஒட்டியும் இன்னொண்ணை மெல்லிய கம்பியில தொங்க விட்டும் பார்த்தாங்க, ஒட்டினதுல சிக்னல் மிக அதிகம்.

ஆனா தொங்க விட்டா மட்டும் எல்லாம் போயிடல. ஒரே கிரிஸ்டல்ல ரெண்டு ஃபிலிம் வச்சுப் பார்த்ததுல சில சிக்னல் ஒரு ஃபிலிம்ல மட்டும் வருது, அது அந்த ஃபிலிமோட பிரச்சனைன்னு ஒதுக்கிடலாம். ரெண்டுலயும் சேர்ந்து வர்றது மிச்சம் இருக்கு, அதுக்குத்தான் இப்ப பதில் வேணும்.