பிட்டுரிகஸ் விட்டுப்போன பெயர்

பாரிஸிலிருந்து ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பூர்ஜ் வந்துவிடும். எல்லோரும் அங்கே பேராலயத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் போவது ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு. ஏவ்ர் ஆற்றுக் கால்வாய்களுக்கு நடுவே இன்று அங்கே காய்கறித் தோட்டங்கள். கி.மு. 52இல் இந்தச் சேறும் ஆறும்தான் ஊருக்கு அரண்.

அப்போது ஊரின் பெயர் அவாரிக்கம். இன்றைய பிரான்சில் அன்று வாழ்ந்த கௌல் மக்களில் பிட்டுரிகஸ் என்ற குடியின் பெரிய நகரம். சீசரின் ரோமானியப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்று கௌல்களின் தலைவன் வெர்சிஞ்செடோரிக்ஸ் சொல்ல, இவர்கள் ஒரே நாளில் தங்கள் ஊர்கள் இருபதுக்கு மேல் கொளுத்தினார்கள். அவாரிக்கத்தை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. மற்ற கௌல்களின் காலில் விழுந்து காப்பாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்த முற்றுகையில் சீசர், தான் நேரில் கண்டதாக ஒன்றை எழுதியிருக்கிறார். கோட்டை வாசல் முன்னால் ஒருவன், கைமாறி வரும் கொழுப்பையும் கீலையும் ரோமானியர் பக்கம் எரியும் தீயில் எறிந்துகொண்டிருக்கிறான். எந்திர அம்பு விலாவில் பாய்ந்து விழுகிறான். அடுத்தவன் அந்த உடலைத் தாண்டி வந்து அதே வேலையைத் தொடர்கிறான். அவனும் விழ, மூன்றாமவன். பிறகு நான்காமவன். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. உள்ளே இருந்த சுமார் 40,000 பேரில் தப்பியவர்கள் 800 பேர்தான் என்பது சீசரின் கணக்கு.

ஆனாலும் பெயர் அழியவில்லை. ரோமப் பேரரசின் பிற்காலத்தில் கௌல் நாட்டின் பல நகரங்களுக்கு அந்தந்தக் குடியின் பெயரே நிலைத்தது. பாரிசி குடியால் லுட்டீசியா பாரிஸ் ஆனது. பிட்டுரிகஸ் என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து நகரத்துக்குப் பூர்ஜ் என்றும், சுற்றுப்புற நாட்டுக்குப் பெரி என்றும் ஆனது.

1790இல் புரட்சி அரசு பழைய மாகாணங்களைக் கலைத்து, பெரியை ஷேர், ஆந்த்ர் என்று ஆறுகளின் பெயரில் பிரித்தது. அங்குள்ளவர்கள் விடுவதாயில்லை. இன்றும் தங்களைப் பெரிஷோன் என்றே சொல்கிறார்கள். கடையில் விற்கும் பச்சைப் பருப்புப் பாக்கெட்டிலும் பெரி என்றுதான் இருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் இருக்கும் வான் நகரம் போகலாம் என்றிருக்கிறேன். கி.மு. 56இல் சீசரோடு கடலில் மோதிய வெனெட்டி குடியின் பெயர் அது.