சௌசௌவுக்கு அடியில் ஒரு சாமுராய்

மலிவு விலையில் பழைய புத்தகம் வாங்கும் வியாதி எனக்குப் புதுச்சேரி காந்தி வீதியில் தொற்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே ஒரு சாக்கை விரித்து, அதில் புத்தகங்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். நான் தேடியது முத்து காமிக்ஸ் படக்கதைகளை. அவை சிவகாசியில் வெளிவரத் தொடங்கியது 1972இல். அந்தச் சாக்கிலிருந்து என் கைக்கு வருவதற்குள் ஒவ்வொரு பிரதியும் ஏழெட்டு வீடுகளில் குடியிருந்துவிட்டு வந்திருக்கும். அட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் பாதி விலை. நான் எப்போதும் பாதி விலைக் கட்சி. மின்சாரம் பாய்ந்தால் அவற்றின் நாயகன் இரும்புக்கை மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அல்லவா? என் பிரதிகளில் அவரோடு சேர்ந்து முதல் நான்கு பக்கங்களும் மறைந்துபோயிருக்கும்.

பிழைப்புக்காக, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்து அதன் தலைநகர் சேன் தெனியில் குடியேறிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குப் படக்கதை என்றால் உயிர். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், கோயில் சிற்பம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். பேரம் மட்டும் நடக்காது. புதுப் புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று 1981இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அன்றைய கலாசார அமைச்சர் ழாக் லாங்கின் பெயரால் அதை லாங் சட்டம் என்கிறார்கள். சின்னக் கடைகளைப் பெரிய கடைகள் விழுங்கிவிடக் கூடாதாம். உயர்ந்த நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து சதவீதத் தள்ளுபடியை வைத்துக்கொண்டு என் போன்றவன் எப்படி மானத்தோடு வாழ்வது?

நல்லவேளையாக, பழைய புத்தகத்துக்கு அந்த வரம்பு கிடையாது. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் 'வித் கிரெனியே' என்று ஒன்று நடக்கும். பரணைக் காலி செய்தல் என்று பொருள். அவர்கள் பரணைக் காலி செய்வார்கள், நான் என் பரணை நிரப்புவேன்.

இதற்கு வீட்டில் தடை வந்தது 2025 பிப்ரவரி 28இல், கரான்ஸ் புயலன்று. ஜன்னல் வழியாகத் தண்ணீர் புகுந்து அடித்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் இட்லி போல ஊதிவிட்டன. மின்சாரம் திரும்பியதும் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்து ஒவ்வொரு பக்கமாக உலர்த்தினேன். மூன்றாவது நாள் கருவி புகைந்தது. "இனிமேல் ஒரு புத்தகம் உள்ளே வந்தால் ஓர் ஆள் வெளியே போக வேண்டும்" என்றாள் மனைவி. எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் அடங்கிக் கிடந்தேன். அப்புறம் ஒரு ஞாயிறு, ஷோத்ரோன் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனவன், போகும் வழியில் ஒரு வித் கிரெனியேவைப் பார்த்துவிட்டேன். ஒரு பெரியவர் அட்டைப்பெட்டி நிறைய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைகள், வைத்திருந்தார். ஒரே கதை, ஏதோ வாள்வீரன் சமாசாரம், 22 தொகுதிகள். பதினைந்து யூரோ என்றார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு இரண்டு முறை போவது போலப் போய்த் திரும்பினேன். பன்னிரண்டுக்கு இறங்கினார். புதிதாக வாங்கினால் ஒன்றே ஏழு யூரோ சொச்சம்! வீட்டுக்குப் பக்கத்தில் வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தொகுதிகள் 2 முதல் 23 வரை என்று தெரிந்தது. மலிவுப் பெட்டிகளின் ஜாதகமே இப்படித்தான். ஒன்றாம் தொகுதி எப்போதும் யாராவது இரவல் வாங்கிப் போனதாகவே இருக்கும்.

பெட்டியை எப்படி உள்ளே கொண்டுபோவது? புத்தகங்களின் மேல் செய்தித்தாளைப் போட்டு, அதன் மேல் இரண்டு கிலோ சௌசௌவைப் பரப்பினேன். இந்தத் தீவில் அதற்கு ஷூஷூ என்று பெயர். சலாசி மலைப்பக்கம் கொடி கொடியாகப் படர்ந்து கிடக்கும். மனைவிக்கு அந்தக் காயே ஆகாது. தொடமாட்டாள் என்பது என் கணக்கு.

கணக்கில் மாமியாரைச் சேர்க்க மறந்துவிட்டேன். புதுச்சேரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சௌசௌ கூட்டு என்றால் அத்தைக்கு உயிர்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன். சமையலறைத் தரையில் கூட்டுக்கு நறுக்கிய காய் ஒரு பக்கம், பிரித்த பெட்டி மறு பக்கம். அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 23ஆம் தொகுதியில் மூழ்கியிருந்தார். பெட்டியில் மேலே இருந்தது அதுதான்.

"யார் மாப்பிள்ளை வரைந்தது? கண்ணெல்லாம் எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறான்!"

அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதும் தெரியாது. நம் புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்து, கடைசிப் பக்கத்திலிருந்து நிதானமாக வந்துகொண்டிருந்தார். ஒருவன் நெஞ்சில் வாள் பாய்ந்து கிடக்கிறான். அடுத்த படத்தில் வாள் வெளியே வந்துவிடுகிறது. அதற்கடுத்ததில் எழுந்து நிற்கிறான். இருவரும் விலகி, குனிந்து வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். எரிந்துபோன ஊரில் பக்கம் திருப்பத் திருப்பக் கூரைகள் முளைக்கின்றன.

அன்று இரவு மனைவி என்மீது பாய வந்தபோது அத்தை குறுக்கே புகுந்து, அவளை உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். பாரதக் கூத்து தோற்றது. கூட்டு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். என் வழக்கு அத்தோடு தள்ளுபடி. ஐந்து அல்ல, நூறு சதவீதம்.

விஷயம் தெரிந்து மகன் தொலைபேசியில் பதறினான். அவன் இந்தத் துறையில் நிபுணன். பதினெட்டு வயதுக்காரர்களுக்குப் புத்தகம், சினிமா, நாடகம் என்று செலவழிக்க பிரெஞ்சு அரசு 2021இல் ஆளுக்கு 300 யூரோ கொடுத்தபோது, பெரும்பகுதி மங்காவுக்கே போகிறது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர்கள் கேலி செய்தது இவனைத்தான்.

"ஆயா, நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள்!"

"உன் வழியில் படித்தால் கடைசியில் யார் மிஞ்சுகிறார்கள்?"

மகன் யோசித்தான். "யாருமில்லை."

"அப்புறம் அதை ஏனப்பா படிக்கிறாய்?"

நாளுக்கு ஒன்றாக இறங்கி, இரண்டாம் தொகுதிக்கு வந்ததும் அத்தை பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். "மாப்பிள்ளை, முடிவைக் காணோமே?"

அவர் ஊர் திரும்ப நான்கு நாள்தான் இருந்தது. புத்தகத்துக்குத் தடை போட்ட அதே மனைவி என்னைக் கடைக்குத் துரத்தினாள். ஒன்றாம் தொகுதி, ஏழு யூரோ இருபது சாந்தீம். பெட்டி விலையில் பாதிக்கு மேல்! அந்த ஐந்து சதவீதத்தையாவது கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். அது உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்காம். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு புத்தகத்தை அட்டையோடு, முழு விலைக்கு வாங்கி வந்தேன்.

அத்தை அன்று மத்தியானம் தூங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு படமாக விரலை வைத்து நகர்ந்தார். வாள் இல்லை, போர் இல்லை. இளைஞன் சிறுவனாகி, வாசல் தாண்டி வீட்டுக்குள் போய், அம்மாவின் முன் உட்கார்ந்து சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறான். அத்தை புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டான், மாப்பிள்ளை. இனி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான்."