சுவத்துல வச்ச பென்சில் கோடு

பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, சனிக்கிழமை ஆனா கோலாலம்பூர்ல ஏதாவது ஒரு பி.பி.ஆர் ஃபிளாட்டுக்கு, அதாவது அரசாங்கம் குறைஞ்ச வாடகைக்கு விடுற அடுக்குமாடி வீட்டுக்குப் போய் சின்னப் பிள்ளைங்களோட உயரமும் எடையும் அளக்கிறது என் வேலை. ரெண்டு வயசுக்குள்ளன்னா பலகையில படுக்க வச்சுத்தான் அளக்கணும், ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் முட்டியை லேசா அமுக்கிக் காலை நீட்டணும், பிள்ளை வீல்னு கத்தும், அதைப் பார்த்து அம்மாவுக்கும் கண்ணு கலங்கிடும். ரெண்டு தாண்டிட்டா சிலிப்பரைக் கழட்டிட்டுச் சுவத்தோட நிக்க வச்சா போதும்.

2018ல ஒரு வீட்டுல அப்படித்தான் ஒரு பொண்ணை நிக்க வச்சேன். அப்பதான் நாலு வயசு முடிஞ்சிருந்துச்சு. குதிகாலை ஒட்டி வச்சு, "நேரா பாருடா கண்ணு"ன்னு சொல்லி, தலைக்கு மேல அட்டையை வச்சுப் பென்சில்ல கோடு போட்டு அளந்தா 91 சென்டிமீட்டர். உலக சுகாதார நிறுவனத்தோட அட்டவணைப்படி நாலு வயசுப் பொண்ணுக்கு நடு அளவு 103க்குக் கொஞ்சம் கம்மி, 94க்குக் கீழ போனா வளர்ச்சி குன்றினதா கணக்கு, 91ங்கிறது ரெண்டரை வயசுப் பிள்ளையோட உயரம். ஆனா பார்த்தா அப்படித் தெரியவே தெரியாது, கன்னம் ரெண்டும் உப்பலா, ஓடிக்கிட்டு, வாயாடிக்கிட்டு இருந்தா. பாட்டி சொன்னாங்க, "எங்க குடும்பமே கட்டை டீச்சர், அவ அப்பனைப் பாருங்களேன்." இந்த வார்த்தையை நான் எத்தனை வீட்டுல கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

மேசை மேல பால் புட்டி இருந்துச்சு, பக்கத்துல டின் பால், அதாவது ரொட்டிக் கடையில தே தாரிக்குல, நுரை வர ஆத்துற டீயில, ஊத்துற இனிப்பு கிரீமர். அதைச் சுடுதண்ணியில கலக்கிக் கைக்குழந்தையில இருந்தே கொடுத்திருக்காங்க. டின்னுல மலாய்ல எழுதியிருக்கு, "பேபிக்கு ஏற்றதல்ல"ன்னு. நான் டின்னைத் திருப்பிக் காட்டிக் கொஞ்சம் கடுமையாவே பேசிட்டேன். பாட்டி எஸ்டேட்ல பிறந்து வளர்ந்தவங்க, தமிழ்ப்பள்ளியில மூணாம் வகுப்போட நின்னவங்க, அந்த எழுத்தை அவங்களால படிக்க முடியாது. அவங்க ஒன்னும் பேசல, டின்னை எடுத்து அலமாரிக்குள்ள வச்சிட்டாங்க. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கல, அவங்ககிட்ட நான் அப்படிப் பேசியிருக்கவே கூடாது.

ஏன்னா அடுத்த வாரம் அந்தப் பொண்ணோட அம்மா லீவுல இருந்தப்ப உட்கார்ந்து கணக்கு கேட்டேன். அவங்க ஒரு ஷாப்பிங் மால்ல கான்ட்ராக்ட் கிளீனர், வீட்டுக்காரர் செக்யூரிட்டி, தினம் 12 மணி நேரம். பிரசவ லீவு அப்ப சட்டப்படி 60 நாள்தான், ரெண்டு மாசக் குழந்தையைப் பாட்டிகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போயிட்டாங்க, தாய்ப்பாலும் நின்னுபோச்சு. பவுடர் பால் ஒரு பாக்கெட் முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, அது ஒரு வாரம்கூட வராது, டின் பால் நாலு வெள்ளி. ஃபிளாட் வாடகை 124 வெள்ளிங்கிறது பெரிய உதவிதான், ஆனா அதுக்கப்புறம் மோட்டார் சைக்கிள் தவணை, கரண்டு, பெரியவனோட பள்ளிக்கூடச் செலவு எல்லாம் போக முட்டைக்கும் மீனுக்கும் என்ன மிஞ்சும்? வயிறு நிறைய சோறும் மெகி நூடுல்ஸும் இருந்துச்சு, அதனாலதான் கன்னம் உப்பலா இருந்துச்சு, உயரம் மட்டும் ஏறல. பிள்ளைக்கு அடிக்கடி வயித்தால போறது வேற.

அதே வருசம்தான் யுனிசெஃப் கோலாலம்பூர் மலிவு விலை ஃபிளாட்டுங்கள்ல எடுத்த ஆய்வு வந்துச்சு, அஞ்சு வயசுக்குள்ள 22 விழுக்காட்டுப் பிள்ளைங்க வளர்ச்சி குன்றியிருக்காங்கன்னு. படிச்சிட்டு எனக்கு ஆச்சரியமே இல்ல, என் நோட்டுல இருந்ததுதான் அங்கயும் இருந்துச்சு. ஆனா அப்ப நாட்டோட வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாசம் 980 வெள்ளி, அதுக்கு மேல ரெண்டு காசு வந்தாலும் ஏழை இல்ல. கோலாலம்பூர்ல 980 வெள்ளியில ஒரு குடும்பம் எப்படி நடக்கும்? 2020லதான் அதை 2,208ன்னு மாத்தினாங்க, 0.4 விழுக்காடுன்னு சொல்லிக்கிட்டு இருந்த வறுமை புதுக் கோட்டுல 5.6 ஆச்சு. ஒரே ராத்திரியில யாரும் ஏழையாகல, அவங்க எல்லாரும் அங்கயேதான் இருந்தாங்க, கணக்குலதான் இல்ல.

பள்ளிக்கூடத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ஆர்.எம்.டி (கூடுதல் உணவுத் திட்டம்) சாப்பாடு 1979ல இருந்து கொடுக்கிறாங்க, நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அது ஏழு வயசுல, முதலாம் ஆண்டுல ஆரம்பிக்குது. கெமாஸ் தாபிகாவுக்கு, அதாவது அரசாங்கப் பாலர் பள்ளிக்குப் போனா அங்கயும் சாப்பாடு உண்டு, ஆனா அந்த யுனிசெஃப் ஆய்வுல பார்த்தா அஞ்சு ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல பாதிப் பேருதான் பாலர் பள்ளிக்கே போயிருக்காங்க. உயரம் நின்னுபோறது வயித்துல இருக்கும்போது தொடங்கி ரெண்டு வயசுக்குள்ளயே பெரும்பாலும் நடந்து முடிஞ்சிடுது. கிளினிக்ல எடை ரொம்பக் குறைஞ்ச ஏழைப் பிள்ளைங்களுக்கு உணவுக் கூடை கொடுக்கிறாங்க, ஆனா எடை குறையுற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இந்த ஃபிளாட்டுங்கள்ல மாசமா இருக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும், ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும், விண்ணப்ப ஃபாரம் கேட்காம, சம்பளச் சீட்டு கேட்காம முட்டையும் பாலும் வீட்டு வாசலுக்கு வரணும். இதை நான் போற மீட்டிங் எல்லாத்துலயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

பாட்டி இப்ப எனக்கு நல்ல பழக்கம். போன மாசம் போன் பண்ணாங்க, சின்ன மகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம், அவளும் கிளீனிங் வேலைதான், 2023ல சட்டம் மாறினதால 98 நாள் லீவு கிடைச்சு அது முடிஞ்சும் போச்சு. காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்ன மகள் பாலைப் பீய்ச்சி போத்தல்ல வச்சிட்டுப் போறாளாம், பாட்டிதான் சுடுதண்ணியில வச்சு இளஞ்சூடாக்கிக் கொடுக்கிறாங்க. "டீச்சர், முட்டை எப்ப கொடுக்கலாம்?"னு கேட்டாங்க.

"ஆறு மாசம் ஆகட்டும் பாட்டி, நல்லா வேக வச்சு, மஞ்சக்கருவைத் தாய்ப்பால்லயே மசிச்சு ஒரு கரண்டி கொடுங்க."

"டின் பால் இப்ப வாங்குறதே இல்ல டீச்சர்"னாங்க. நான் கேட்கவே இல்ல.

"சரி பாட்டி, சனிக்கிழமை பலகையை எடுத்துக்கிட்டு வரேன்"னு சொன்னேன்.